மெமரி கார்டில் சேமித்த ஆட்டம் மறுநாள் காணாமல் போனால் எங்கே தேடுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. மடிக்கணினியில், பழைய கன்சோலைப் போல நடிக்கும் நிரலான பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் பிளேஸ்டேஷன் 2 ஆட்டம் ஒன்றை ஒரு மாதமாக ஆடிவருகிறார். போன வாரம் எமுலேட்டரின் புதிய பதிப்பை நிறுவியிருக்கிறார். அதன் பிறகு, இரவில் ஆட்டத்துக்குள் சேமித்து, ‘சேமிக்கப்பட்டது’ என்ற செய்தியையும் பார்த்துவிட்டுப் படுத்தால், காலையில் ‘சேமித்த விவரம் எதுவும் இல்லை’ என்று வருகிறது. சில நாள்களில் மூன்று நாளைக்கு முந்தைய கட்டத்திலிருந்து தொடங்குகிறது. கைப்பேசியில், பல எமுலேட்டர்களை ஒரே செயலிக்குள் இயக்கும் ரெட்ரோஆர்ச் வழியாக ஆடும் முதல் பிளேஸ்டேஷன் ஆட்டத்திலும் இதே தொல்லை. இடையிடையே எஃப்1, எஃப்3 விசைகளை அழுத்தி அந்த நொடியை நிறுத்தி வைத்து மீட்டெடுக்கும் பழக்கம் உண்டு என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். பாதி விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மெமரி கார்டை ஃபார்மேட் செய்து பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தம்பி. ஆட்டமே ‘கார்டு ஃபார்மேட் செய்யப்படவில்லை, செய்யட்டுமா?’ என்று கேட்டாலும் இப்போதைக்கு ‘இல்லை’ என்றே சொல்லுங்கள். எமுலேட்டரை மூடிவிட்டு, மெம்கார்ட்ஸ் என்ற பெயருள்ள கோப்புறையை முழுமையாக நகலெடுத்து ஒரு பென் டிரைவில் வைத்துவிடுங்கள். ஒரு கார்டுக்கு எட்டு எம்பியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இனிச் செய்யப்போகும் எல்லாச் சோதனைகளையும் இந்த நகல் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில்தான் செய்ய வேண்டும்.

எமுலேட்டரில் சேமிப்பு இரண்டு கை மாறுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தானே விளங்கிவிடும். முதல் கை ஆட்டத்தினுடையது: அது தனக்கு எதிரே உண்மையான கார்டு இருப்பதாக நம்பி, அதில் எழுதுகிறது. இரண்டாவது கை எமுலேட்டரினுடையது: ஆட்டம் எழுதியதை வாங்கி, உங்கள் வன்தட்டில் இருக்கும் ஒரு கோப்பில் பதிக்கிறது. ‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் வருவது முதல் கை சொல்லும் சாட்சி மட்டுமே. இரண்டாவது கை அதை எந்தக் கோப்பில் வைத்தது, வைத்ததா இல்லையா என்பது ஆட்டத்துக்குத் தெரியாது. ஆகவே எந்தக் கை தவறவிட்டது என்று கண்டுபிடிக்காமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, வீட்டுக்குள் தொலைத்ததைத் தெருவிளக்கின் கீழே தேடுவது போலத்தான்.

உண்மையான கார்டைப் பற்றிச் சில வரிகள் சொல்ல வேண்டும். எமுலேட்டர் அதன் நடத்தையைத்தான் அப்படியே நடிக்கிறது. 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷனின் கார்டில் இருப்பது 128 கேபி இடம். அது தலா 8 கேபி கொண்ட 16 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் பகுதி அட்டவணைக்குப் போய்விடுவதால் ஆட்டங்களுக்குக் கிடைப்பவை 15. 2000 மார்ச் 4 அன்று வந்த பிளேஸ்டேஷன் 2 கார்டின் கொள்ளளவு 8 எம்பி. முத்தியால்பேட்டையில் நான்கு தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்து, மணிக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு நான் கேம் சென்டர் நடத்திய காலத்தில், பையன்கள் தங்கள் கார்டுகளின் முதுகில் பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதி என் மேசை இழுப்பறையில் விட்டுவிட்டுப் போவார்கள். பெட்டி பிளேஸ்டேஷன் 2 ஆக இருந்தாலும் முதல் பிளேஸ்டேஷன் ஆட்டத்தை அதில் போட்டால் பழைய கார்டில்தான் சேமிக்க முடியும் என்பதை விளக்கியே எனக்குத் தொண்டை வற்றும். நேரம் முடிந்துவிட்டதென்று அவசரத்தில், எழுதிக்கொண்டிருக்கும்போதே கார்டைப் பிடுங்கி, அழுதுகொண்டே வந்து நின்றவர்களும் உண்டு. எமுலேட்டரில் கார்டைப் பிடுங்க முடியாது என்று நினைக்கிறோம். ஆனால் எழுதி முடிவதற்குள் எமுலேட்டரை மூடுவதும், மின்சாரம் போவதும், நிறுத்தி வைத்த பழைய நொடிக்குத் திரும்புவதும் அதே பிடுங்கல்தான்.

இனி உங்கள் மடிக்கணினிக்கு வருவோம். பிசிஎஸ்எக்ஸ்2 அமைப்புகளில் மெமரி கார்டுகளுக்கான பக்கத்தைத் திறந்தால், கார்டுகள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன என்ற பாதை மேலே தெரியும். கீழே முதல் செருகிடத்தில் எந்தக் கோப்பு, இரண்டாவதில் எந்தக் கோப்பு என்று இருக்கும். வழக்கமாக அவற்றின் பெயர்கள், திரையில் ஆங்கில எழுத்துகளில், ‘எம்சிடி001’, ‘எம்சிடி002’ என்று தொடங்கி ‘.பிஎஸ்2’ என்று முடியும். அந்தக் கோப்புறையைத் திறந்து, கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆட்டத்தைத் தொடங்கி, புதிய இடம் ஒன்றில் சேமித்து, எமுலேட்டரை முறையாக மூடி, அதே கோப்பின் நேரத்தை மறுபடி பாருங்கள். நேரம் மாறியிருந்தால் இரண்டாவது கை தன் வேலையைச் செய்திருக்கிறது. குறை ஆட்டத்தின் பக்கமோ, உங்கள் எஃப்3 விசையின் பக்கமோ இருக்கிறது. மாறவில்லை என்றால், எமுலேட்டர் வேறு எங்கோ எழுதுகிறது அல்லது எழுதவே முடியாமல் தவிக்கிறது. ஐந்து நிமிடம் பிடிக்கும் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எமுலேட்டரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நீக்கும்போது சில சமயம் கார்டும் சேர்ந்து போய்விடுகிறது.

புதிய பதிப்பை நிறுவிய பிறகு தொடங்கியது என்று சொல்வதால், ‘விவரம் எதுவும் இல்லை’ என்ற செய்திக்கு என் முதல் சந்தேகம் இதுதான்: உங்களிடம் இப்போது இரண்டு மெம்கார்ட்ஸ் கோப்புறைகள் இருக்கின்றன. விண்டோஸில் முறைப்படி நிறுவிய பிசிஎஸ்எக்ஸ்2 தன் கோப்புகளை ‘டாகுமென்ட்ஸ்’ கோப்புறைக்குள் வைக்கும். ஜிப்பாக இறக்கி விரித்துப் பயன்படுத்தும் பதிப்போ, தான் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பழையது ஒருவகை, புதியது மறுவகை என்றால், புதியது தனக்கென்று ஒரு வெற்றுக் கார்டை உருவாக்கிக்கொண்டு, ‘ஃபார்மேட் செய்யட்டுமா?’ என்று கேட்கும். உங்கள் ஒரு மாத உழைப்பு பழைய இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பணிப்பட்டியில் பழைய பதிப்பின் சின்னமும் மேசைத்திரையில் புதியதன் சின்னமும் இருந்து, நாளுக்கொன்றைச் சொடுக்கினால், ‘சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை’ என்ற உங்கள் குழப்பமும் அப்படியே வந்துவிடும். கணினி முழுவதிலும் ‘.பிஎஸ்2’ என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட எம்சிடி001 கிடைத்தால் ஒவ்வொன்றின் நேரத்தையும் பாருங்கள். அண்மையில் சேமித்ததை, அதன் பெயரை ‘பழைய001’ என்பது போல மாற்றி, இப்போது பயன்படுத்தும் பதிப்பின் கோப்புறைக்குள் நகலாக வைத்து, அமைப்புகளில் முதல் செருகிடத்துக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். இருப்பதன் மேல் ஒட்டி அழிக்காதீர்கள். இரண்டிலும் உங்களுக்கு வேண்டியது இருக்கக்கூடும். குறிப்பிட்ட ஆட்டத்துக்கென்று தனி அமைப்பு வைத்திருந்தால், அது பொது அமைப்பைவிட முன்னுரிமை பெறும் என்பதால், அங்கேயும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பாதை ஒன்றுதான், ஆனாலும் நேரம் மாறவில்லை என்றால், விண்டோஸ் தடுக்கிறது. விண்டோஸ் 10இல் 2017 இலையுதிர்காலப் புதுப்பித்தலோடு வந்த ‘கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல்’ என்ற பாதுகாப்பு, இயக்கப்பட்டிருந்தால், டாகுமென்ட்ஸ் கோப்புறைக்குள் தனக்குத் தெரியாத நிரல்கள் எழுதுவதைத் தடுத்துவிடும். அதில் எமுலேட்டரை அனுமதிக்கப்பட்ட பட்டியலில் சேர்க்க வேண்டும். எமுலேட்டரை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் விரித்து வைப்பதும் கூடாது. அங்கே எழுதச் சாதாரணப் பயனருக்கு உரிமை இல்லை. பழைய 32 பிட் எமுலேட்டர்கள் சில அங்கே எழுத முயலும்போது, விண்டோஸ் அவற்றை ஏமாற்றி, பயனரின் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் ‘வர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற ஒளிவிடத்துக்கு அந்த எழுத்தைத் திருப்பிவிடும். காணாமல் போன கார்டை அங்கிருந்து எடுத்துக் கொடுத்து, மந்திரவாதி என்ற பெயர் வாங்கியிருக்கிறேன். ஒன்டிரைவ் உங்கள் டாகுமென்ட்ஸைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தால், இரண்டு கணினிகளில் மாறி மாறி ஆடுகிறவர்களுக்குக் கோப்பின் பெயரோடு கணினியின் பெயர் ஒட்டிய இரண்டாவது நகல் ஒன்று தோன்றும். எமுலேட்டர் அதைக் கண்டுகொள்ளாது. கார்டுக் கோப்புறையை ஒன்டிரைவுக்கு வெளியே, டி டிரைவில் ‘ஆட்டம்’ என்று ஒரு கோப்புறை போட்டு வைப்பதே நிம்மதி.

இனி எஃப்1, எஃப்3. எஃப்1 அழுத்தும்போது நடப்பது சேமிப்பே அல்ல. அது ஒரு படம்பிடிப்பு. கன்சோலின் நினைவகத்தில் அந்த நொடியில் இருந்தது அத்தனையையும் எமுலேட்டர் ஒரு கோப்பில் கொட்டி வைக்கிறது. எஃப்3 அழுத்தினால் அந்த நொடி திரும்பி வருகிறது. ஆனால் பிசிஎஸ்எக்ஸ்2இல் மெமரி கார்டுக் கோப்பு அந்த நொடிக்குத் திரும்புவதில்லை; அது இன்றைய நிலையிலேயே இருக்கிறது. விபரீதம் இங்கேதான் தொடங்குகிறது. பல ஆட்டங்கள் கார்டின் அட்டவணையை ஒருமுறை படித்துத் தம் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். திங்கள்கிழமை எஃப்1 அழுத்தினீர்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் கார்டில் முறையாகச் சேமித்தீர்கள். வியாழக்கிழமை எஃப்3 அழுத்தினீர்கள் என்று வையுங்கள். இப்போது ஆட்டத்தின் மனத்தில் இருப்பது திங்கள்கிழமையின் அட்டவணை, எதிரே இருப்பது புதன்கிழமையின் கார்டு. இந்த நிலையில் ஆட்டத்துக்குள் சேமித்தால், காலியாக இருப்பதாக அது நினைக்கும் இடத்தில், உண்மையில் உங்கள் புதன்கிழமைச் சேமிப்பு இருக்கும் இடத்தில், எழுதிவிடும். மனை விற்கப்பட்டது தெரியாமல் பழைய பட்டாவை வைத்துக்கொண்டு சுவர் எழுப்புகிறவரைப் போல. அட்டவணையும் உள்ளடக்கமும் முரண்பட்டு, ‘சேமித்த விவரம் சிதைந்துள்ளது’ என்ற செய்தி வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதற்காகவே பிசிஎஸ்எக்ஸ்2, பழைய நொடியை மீட்டெடுத்தவுடன் கார்டைச் சில கணங்கள் கழற்றிச் செருகியதுபோல நடித்து, ஆட்டத்தை அட்டவணையை மறுபடி படிக்க வைக்கிறது. ‘கார்டு அகற்றப்பட்டது’ என்ற செய்தி எரிச்சலூட்டுகிறது என்று இந்த வசதியை அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் பதிப்பில் அதற்கான தேர்வு தெரிந்தால் தொடாமல் விடுங்கள். கார்டு கழன்றிருக்கும் அந்தச் சில கணங்களுக்குள் அவசரப்பட்டு ஏற்றுதல் பக்கத்துக்குப் போனால் ‘கார்டு இல்லை’, ‘விவரம் இல்லை’ என்று வரும். அது பழுதல்ல, பத்து நொடி பொறுத்து மறுபடி பாருங்கள்.

மூன்று நாளைக்கு முந்தைய கட்டம் ஏன் வருகிறது என்பதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் இதைவிட எளியது. ஆட்டத்தைத் திறந்ததும் வழக்கம்போல எஃப்3 அழுத்துகிறீர்கள். அதில் கடைசியாகப் படம்பிடித்தது மூன்று நாளைக்கு முன்பு. அங்கிருந்து ஆடி, இரவில் ஆட்டத்துக்குள் அதே இடத்தில் மேலெழுதிச் சேமிக்கிறீர்கள். கார்டு சரியாகத்தான் வேலை செய்கிறது. பழைய கட்டத்தைப் புதிய கட்டத்தின் மேல் எழுதச் சொன்னவர் நீங்கள்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் இதைச் செய்து ஒரு வாரப் பந்தயங்களை இழந்திருக்கிறேன்.

ஆகவே ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஆட்டத்தை முடிப்பது எப்போதும் ஆட்டத்துக்குள் இருக்கும் சேமிப்பால். தொடங்குவது எப்போதும் ஆட்டத்தின் முகப்பிலிருந்து கார்டை ஏற்றி. கடினமான சண்டையை ஒரே அமர்வில் பத்துத் தடவை முயல்வதற்கு மட்டும் எஃப்1, எஃப்3. அந்த அமர்வு முடிந்ததும் படம்பிடித்ததை மறந்துவிடுங்கள். புதிய பதிப்பை நிறுவும்போது பழைய பதிப்பின் படம்பிடிப்புகள் திறக்காமல் போவது வாடிக்கை. கார்டுக் கோப்போ எந்தப் பதிப்பிலும் செல்லும். ஆட்டத்துக்குள் சேமிக்கும்போது ஒரே இடத்தில் மேலெழுதாமல் இரண்டு இடங்களில் மாறி மாறிச் சேமிப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கைப்பேசியில் கதை சற்று வேறு. ரெட்ரோஆர்ச்சில் முதல் பிளேஸ்டேஷனுக்கான கோர்கள் (அதற்குள் இயங்கும் தனித்தனி எமுலேட்டர்கள்), வழக்கமான அமைப்பில், முதல் கார்டை ஆட்டக் கோப்பின் பெயரோடு ‘.எஸ்ஆர்எம்’ என்று முடியும் கோப்பாக ‘சேவ்ஸ்’ கோப்புறையில் வைக்கின்றன. முக்கியமான வேறுபாடு, ஆட்டம் எழுதியது முதலில் கைப்பேசியின் நினைவகத்தில்தான் இருக்கும். ஆட்டத்தை முறையாக மூடும்போது, அல்லது குறிப்பிட்ட இடைவெளியில், அது கோப்பாகப் பதிக்கப்படும். நாம் என்ன செய்கிறோம்? அழைப்பு வந்ததும் வெளியே வந்து, பிறகு அண்மைச் செயலிகள் பட்டியலில் அதை மேலே தள்ளிவிடுகிறோம். மின்கலச் சிக்கனம் என்ற பெயரில் சில கைப்பேசிகள் நம்மைக் கேட்காமலே இதைச் செய்கின்றன. சேமிப்பு அமைப்புகளில் தானியங்கிச் சேமிப்பு இடைவெளி என்று ஒன்று இருக்கும். பழைய அமைப்புக் கோப்பை வைத்துக்கொண்டே புதிய பதிப்புக்கு வந்தவர்களிடம் அது 0 என்று, அதாவது அணைக்கப்பட்டதாக, இருக்கக் காணலாம். அதை 10 நொடி என்று வையுங்கள். அதோடு ஆட்டம் முடிந்ததும் ரெட்ரோஆர்ச்சின் பட்டியலைத் திறந்து, ‘ஆட்டத்தை மூடு’ என்ற தேர்வைக் கொடுத்துவிட்டே வெளியே வாருங்கள்.

ரெட்ரோஆர்ச்சில் நொடிப் படம்பிடிப்பு இன்னும் ஒரு படி ஆபத்தானது. பழைய படம்பிடிப்பை ஏற்றும்போது, கார்டின் உள்ளடக்கமே அதோடு சேர்ந்து பழையதாக மாறிவிடக்கூடும்; அடுத்த பத்து நொடியில் அது கோப்பிலும் பதிந்துவிடும். இதைத் தடுக்க, படம்பிடிப்பை ஏற்றும்போது சேமிப்பு நினைவகத்தை மேலெழுதாதே என்று சொல்லும் தேர்வு ஒன்று சேமிப்பு அமைப்புகளில் இருக்கிறது. ஆனால் அதை இயக்கினால் சில ஆட்டங்கள் முறை தவறி நடக்கக்கூடும் என்று ரெட்ரோஆர்ச்சே எச்சரிக்கிறது. என் பரிந்துரை, தொடக்கத்திலேயே படம்பிடிப்பைத் தானாக ஏற்றும் வசதியை அணைத்துவிடுவது. அது இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் எந்த விசையையும் தொடாமலே ஒவ்வொரு நாளும் பழைய நொடியில்தான் கண் விழிப்பீர்கள்.

பெயர் மாற்றத்தையும் சொல்ல வேண்டும். எஸ்ஆர்எம் கோப்பு ஆட்டக் கோப்பின் பெயரைத்தான் பின்பற்றுகிறது. இடம் மிச்சப்படுத்த ஆட்டத்தை சிஎச்டி வடிவத்துக்கு மாற்றும்போது பெயரில் ஓர் அடைப்புக்குறி கூடினாலும் குறைந்தாலும், புதிய வெற்றுக் கார்டு பிறந்துவிடும். கோரை மாற்றினாலும், ‘கோரின் பெயரில் கோப்புறை பிரி’ என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால், இதே நிலைதான். பல வட்டுகள் கொண்ட ஆட்டங்களில் இது நன்றாகக் கடிக்கும்: மூன்று வட்டுகளில் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7 போன்ற ஆட்டத்தின் இரண்டாம் வட்டைத் தனியாகத் திறந்தால், முதல் வட்டின் கார்டு அதற்குத் தெரியாது. மூன்றின் பெயரையும் வரிக்கு ஒன்றாக எழுதிய ‘எம்3யு’ பட்டியல் கோப்பை உருவாக்கி, அதன் வழியாகவே திறந்தால் மூன்றுக்கும் ஒரே கார்டு. முதல் பிளேஸ்டேஷனுக்கான டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டரிலும் கார்டு ஆட்டத்துக்குத் தனியா, எல்லாவற்றுக்கும் பொதுவா என்ற தேர்வு இருக்கிறது. அதை மாற்றிய நாளிலிருந்து பழைய சேமிப்புகள் கண்ணில் படாது. பழைய தேர்வுக்குத் திரும்பினால் மறுபடி தெரியும். இன்னொன்று, ஆண்ட்ராய்டில் செயலியின் சொந்தத் தரவுக் கோப்புறைக்குள் கார்டு இருந்தால், செயலியை நீக்கும்போது அதுவும் சேர்ந்து அழியும். ஆண்ட்ராய்டு 11 முதல் அந்தக் கோப்புறையைச் சாதாரணக் கோப்பு மேலாளரால் எட்டிப் பார்ப்பதும் கடினம். எனவே சேவ்ஸ் கோப்புறையை வெளியே, உங்கள் கண்ணில் படும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கோப்பு இருக்கிறது, நேரமும் சரி, ஆனால் ஆட்டமோ எமுலேட்டரோ ஏற்க மறுக்கிறது என்றால், அளவைப் பாருங்கள். கிலோபைட்டில் அல்ல, கோப்பின் பண்புகளைத் திறந்து பைட்டில் பாருங்கள். முதல் பிளேஸ்டேஷன் கார்டு சரியாக 1,31,072 பைட் இருக்க வேண்டும். அந்த அளவு இருந்தால், எஸ்ஆர்எம், எம்சிஆர், எம்சிடி எந்தப் பெயரில் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே. நகலெடுத்துப் பெயரின் கடைசிப் பகுதியை மாற்றினாலே ஒரு எமுலேட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். உங்கள் கைப்பேசிச் சேமிப்பைக் கணினியில் டக்ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக இவ்வளவுதான் வேண்டும். 1,34,976 என்று இருந்தால் அது டெக்ஸ்டிரைவ் என்ற பழைய கருவியின் ஜிஎம்இ வடிவம். முன்னால் 3,904 பைட் தலைப்பு ஒட்டியிருக்கும். 1,31,200 என்றால் பிஎஸ்பியின் விஎம்பி வடிவம். 128 பைட் தலைப்பு. இவற்றைப் பெயர் மாற்றிச் செருகினால் ‘ஃபார்மேட் செய்யப்படவில்லை’ என்றே வரும். மெம்கார்ட்ரெக்ஸ் என்ற இலவச நிரலில் திறந்து, சாதாரண வடிவில் சேமித்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 2 கார்டின் 8 எம்பி கோப்பு 86,50,752 பைட் இருக்கும். 8 எம்பிக்கு 83,88,608தானே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு 512 பைட்டுக்கும் பிழை திருத்துவதற்காக 16 பைட் கூடுதலாக ஒட்டியிருப்பதால்தான் அந்த அளவு. 16, 32, 64 எம்பி கார்டுகளையும் பிசிஎஸ்எக்ஸ்2 உருவாக்கித் தரும். ஆனால் உண்மையான சோனி கார்டு 8 எம்பிதான் என்பதால், பெரிய கார்டைக் கண்டு தடுமாறும் ஆட்டங்கள் உண்டு. நான் எப்போதும் 8 எம்பியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அளவு சரியாக இருந்தும் உள்ளே ஒன்றுமே இல்லாத கோப்புகளும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததற்கு அடுத்த வாரம், கோட்டக்குப்பத்திலிருந்து ஒருவர் மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மின்சாரம் போனபோது மகன் சேமித்துக்கொண்டிருந்தானாம். கார்டுக் கோப்பு பைட் பிசகாமல் 1,31,072 இருந்தது. ஆனால் எமுலேட்டர் திறக்க மறுத்தது. அதன் நகலை எடுத்து ஜிப் செய்தேன். முந்நூறு பைட்டைக்கூட எட்டாத ஜிப் வந்தது. அதற்கு மேல் சோதிக்க ஒன்றும் இல்லை: ஒரே எழுத்து திரும்பத் திரும்ப நிரம்பிய கோப்புதான் அவ்வளவு சுருங்கும், உள்ளே முழுக்கப் பூச்சியம். இடம் ஒதுக்கப்பட்டு, எழுத்து விழுவதற்குள் மின்சாரம் போயிருக்கிறது. சேமிப்புகள் உள்ள கார்டு சில கேபிக்குக் கீழே இறங்காது. இந்தச் சோதனைக்குத் தனி நிரல் எதுவும் தேவையில்லை என்பதால் நீங்களும் செய்து பார்க்கலாம். அந்தப் பையனின் கார்டு கைப்பேசியில் ஒரு மாதத்துக்கு முந்தைய நகலாக இருந்ததால் பாதியாவது மிஞ்சியது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயலுக்குப் பிறகு கடலூரில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நம் கரையில் யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், மழை நாளில் நீண்ட ஆட்டம் ஆடுவதை நான் ஆதரிப்பதில்லை. மடிக்கணினியில் மின்கலம் உயிரோடு இருக்கும்வரை இந்தக் கவலை குறைவு.

தவறிப்போய் அழித்த சேமிப்பாக இருந்தால், முதல் பிளேஸ்டேஷன் கார்டில் நம்பிக்கை உண்டு. அழிக்கும்போது அட்டவணையில் அந்த இடத்துக்குரிய குறி மட்டுமே மாறுகிறது. உள்ளடக்கம், அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை, அப்படியே கிடக்கிறது. மெம்கார்ட்ரெக்ஸில் கார்டைத் திறந்தால் அழிக்கப்பட்டவையும் தெரியும். மீட்டெடுக்கும் கட்டளை ஒன்றைக் கொடுத்தால் வந்துவிடும். இதற்காகத்தான் முதலிலேயே நகலெடுக்கச் சொன்னேன், ஃபார்மேட் வேண்டாம் என்றேன். பிளேஸ்டேஷன் 2 கார்டின் அமைப்பு ஒரு சிறிய வன்தட்டைப் போன்றது. அதில் அழிந்ததை மீட்பது எளிதல்ல; ஆனால் சிதைந்த கார்டில் மிச்சமிருக்கும் நல்ல சேமிப்புகளை மைஎம்சி என்ற நிரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, புதிதாக ஃபார்மேட் செய்த கார்டில் ஏற்றலாம்.

சேமிப்பு கார்டில் இருப்பது நன்றாகத் தெரிகிறது, ஆட்டம் மட்டும் கண்டுகொள்ளவில்லை என்றால், வட்டாரத்தைச் சந்தேகியுங்கள். ஒரே ஆட்டத்தின் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியப் பதிப்புகளுக்கு வெவ்வேறு தொடர் எண்கள். சேமிப்பின் பெயரிலேயே அந்த எண் பதிந்திருக்கும். அமெரிக்கப் பதிப்பில் சேமித்ததை ஐரோப்பியப் பதிப்பு தன்னுடையதாக ஏற்காது. பிசிஎஸ்எக்ஸ்2இல் கார்டை ஒரே கோப்பாக இல்லாமல் கோப்புறையாக வைக்கும் வகையும் இருக்கிறது. அதில், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்குரிய சேமிப்புகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி உண்டு. முந்தைய பாகத்தின் சேமிப்பைத் தேடும் ஆட்டங்களில் அந்த வடிகட்டல் சில நேரம் இடைஞ்சலாகும்; அப்போது அதை அணைத்துப் பாருங்கள்.

யார் மேல் குற்றம் என்று இன்னும் தெளியவில்லை என்றால், ஆட்டத்தையே நடுவிலிருந்து விலக்கிவிடலாம். வட்டு இல்லாமல் பயாஸை, அதாவது கன்சோலின் அடிப்படை நிரலை, மட்டும் தொடங்குங்கள். பிசிஎஸ்எக்ஸ்2, டக்ஸ்டேஷன் இரண்டிலும் இதற்குத் தனிக் கட்டளை உண்டு. கன்சோலின் சொந்தக் கார்டு மேலாளர் திறக்கும். அங்கே உங்கள் ஆட்டத்தின் சின்னம் தெரிந்தால் கார்டு நலம். ஆட்டத்தின் பதிப்பையும் தொடர் எண்ணையும் பாருங்கள். அங்கேயும் வெறுமையாக இருந்தால், அமைப்புகளில் செருகியிருக்கும் கோப்பு நீங்கள் நினைக்கும் கோப்பு அல்ல. பாதையைத் தேடும் வேலைக்குத் திரும்புங்கள்.

இன்று மாலை முதலில் இரண்டு மெம்கார்ட்ஸ் கோப்புறைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்க எஃப்3 தொடாமல் ஆடிப் பாருங்கள். அப்படியும் தீரவில்லை என்றால், சேமிப்பதற்கு முன்னும் பின்னும் கோப்பில் இருந்த நேரம், பைட்டில் அதன் அளவு, அமைப்புகளில் தெரியும் முழுப் பாதை, பயாஸ் திரையில் கண்டது ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். கார்டுக் கோப்பின் நகலையும் சேர்த்து அனுப்பினால் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.